சூடேறியதும் ஐடிலில் நடுங்கும் எஞ்சின், பி0171 + பி0300: ஈசியூவை மாற்றத்தான் வேண்டுமா?

நடுங்கும் வண்டி:
வணக்கம். என்னுடையது 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குறையும் இல்லை. மூன்று நான்கு நிமிடம் கழித்துக் கொஞ்சம் சூடேறியதும் ஆர்பிஎம் முள் 600க்கும் 900க்கும் நடுவே ஊஞ்சலாட ஆரம்பிக்கிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது, நிறுத்தத்தில் நின்றால் சில சமயம் ஆஃப் ஆகியே விடுகிறது. ஓட்டும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை, அதுதான் புரியவில்லை.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டால் பி0171, பி0300 என்று இரண்டு பிழைக் குறியீடுகள் (கோடு). பிளக் நான்கையும் மாற்றினேன். 171 என்றால் ஆக்சிஜன் சென்சார் போச்சு என்று மெக்கானிக் சொன்னார், அதையும் மாற்றியாயிற்று. இப்போது எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவையே மாற்றிப் பார்ப்போம் என்கிறார். மாற்றலாமா?

ஸ்பேனர்14:
ஈசியூவில் கை வைக்காதீர்கள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் அதன் முறை வரும்.

பி0171க்கு அர்த்தம் சென்சார் கெட்டுவிட்டது என்பதல்ல, கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதுதான். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, இனி முடியாது என்ற எல்லைக்குப் போன பிறகுதான் இந்தக் கோடு விழும். உங்கள் பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும், பாவம். பி0300 என்பது குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. ஒரு இக்னிஷன் காயிலோ ஒரு இன்ஜெக்டரோ போயிருந்தால் பெரும்பாலும் 0301, 0302 என்று சிலிண்டர் எண்ணோடு வந்திருக்கும். ஆக, நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு; ஷார்ட் அந்த நேரத்துக்கானது, லாங் பழகிப்போனது) இரண்டும் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், எவ்வளவு, 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து வைத்தால் எவ்வளவு? ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் இருக்கிறதா, அல்லது காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி மட்டும்தானா என்பதும் வேண்டும்.

பழைய கார்பரேட்டர்:
தம்பி, கூலன்ட் டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுகிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்க. அந்தச் சென்சார் தப்பாகச் சொன்னால் ஈசியூ தப்பான அளவுக்குத்தான் பெட்ரோல் விடும். வயர் அறுந்திருந்தால் மைனஸ் 40 என்றே காட்டும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

அப்புறம், யார் சொன்னாலும் இப்போதைக்கு பேட்டரியைக் கழற்றாதீங்க, பல வண்டிகளில் கோடும் ட்ரிம் கணக்கும் அழிந்துபோகும், தடயமே இல்லாமல் தேட வேண்டியிருக்கும். விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் ஓட்டவே வேண்டாம்: எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

நடுங்கும் வண்டி:
விளக்கு மினுக்கவில்லை. எம்ஏஎஃப் இருக்கிறது. கூலன்ட் 89 டிகிரி.
ஐடிலில் ஷார்ட் +8, லாங் +22.
2500இல் ஷார்ட் +2, லாங் +5.

ஸ்பேனர்14:
பாதி வேலை முடிந்தது. காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அதுவும் எம்ஏஎஃப்புக்குப் பின்னால்.

ஐடிலில் காற்றுக்கு வழிவிடும் வால்வான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம், எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு விரிசல் வழியாக வரும் கணக்கில் வராத காற்று பெரிய பங்கு. 2500இல் மொத்தக் காற்று பல மடங்கு ஆகிவிடுவதால் அதே விரிசல் ஒரு பொருட்டே இல்லை. பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ காரணமாக இருந்தால் நேர்மாறாக, வேகமும் பாரமும் ஏற ஏறத்தான் ட்ரிம் ஏறும். (எம்ஏபி மட்டும் உள்ள வண்டி என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கசியும் காற்றும் அழுத்தமாக அளவில் வந்துவிடும், ஐடில் ஏறித்தான் நிற்கும்.)

காலையில் ஏன் ஒழுங்காக ஓடுகிறது என்றால், குளிர்ந்த எஞ்சினுக்கு ஈசியூ பெட்ரோலைத் தாராளமாக விடும், அது ஓட்டையை மறைத்துவிடுகிறது.

எம்ஏஎஃப்பிலிருந்து த்ராட்டில் வரை உள்ள ரப்பர் குழாய், பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட். இந்த வரிசையில் பாருங்கள்.

பழைய கார்பரேட்டர்:
கண்ணால் மட்டும் பார்க்காதீங்க, ஒவ்வொரு ஹோஸையும் அமுக்கி வளைத்துப் பாருங்க, விரிசல் எப்போதும் அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவார்கள், நானும் ஒரு காலத்தில் அடித்தவன்தான், சூடான எக்ஸாஸ்டில் பட்டு ஒரு முறை தீப்பிடித்தது. அதிலிருந்து புகை விட்டுப் பார்ப்பதோடு சரி.

நடுங்கும் வண்டி:
கிடைத்துவிட்டது! பிசிவி ஹோஸ், மேனிஃபோல்டுக்குள் நுழைகிற முழங்கை வளைவில், அடிப்பக்கம் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது விரலால் பொத்தினேன், ஷார்ட் ட்ரிம் +8இலிருந்து மைனஸுக்குப் போனது, நடுக்கமும் நின்றது. புது ஹோஸ் போட்டாயிற்று. கோடை அழிக்கட்டுமா?

ஸ்பேனர்14:
இப்போது அழிக்கலாம். லாங் ட்ரிம்மில் பழைய +22 ஒட்டிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் பெட்ரோல் வாடை அடிக்கும், பல வண்டிகளில் கோடோடு சேர்த்து அதுவும் பூஜ்யமாகிவிடும். இரண்டு மூன்று நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு மறுபடி ஐடில் ட்ரிம்மைப் பாருங்கள். பத்துக்குள் நின்றால் சரி.

நடுங்கும் வண்டி:
மூன்றாம் நாள். ஐடிலில் லாங் +3. விளக்கு எரியவில்லை. கழற்றிப்போட்ட பழைய ஆக்சிஜன் சென்சாரை என்ன செய்வது?

பழைய கார்பரேட்டர்:
துடைத்து டப்பாவில் போட்டு வைங்க தம்பி, அது நல்ல சென்சார்.