சீர் சாமான், வெள்ளம், ஒரு பாய்: அண்ணன் தம்பி கடைகளில் எங்கள் அனுபவம்

தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் சாமான் எடுக்க திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஃபர்னிச்சர் கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஊருக்கொரு கடை: பாளையங்கோட்டையில் மூத்தவர், இங்கே நடுவுள்ளவர், தென்காசியில் கடைக்குட்டி. இப்படிப்பட்ட கடையில் சேல்ஸ் பையன் சொல்வது விலையே இல்லை, கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி சொல்வதுதான் விலை. எங்கம்மாவுக்கு இது அத்துப்படி. நேரே கல்லா முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டில், மெத்தை, பீரோ மூன்றையும் ஒரே பேச்சில் முடித்தார். "மாப்பிள்ளை வீடு தென்காசி, வண்டி வாடகை யாரு?" "அங்க தம்பி கடையில இருந்தே இறக்கிருவோம்க்கா, வாடகையே கிடையாது."

பில்லில் அதை எழுதவில்லை. சாமான் இறங்கியதும் வண்டிக்காரர் கையை நீட்டினார். தம்பிக்குப் போன் போட்டால், "அண்ணன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலயே." சம்பந்தி வீட்டு வாசலில் நின்று வழக்கா பேச முடியும்? கொடுத்துவிட்டோம். அடுத்த வாரம் அம்மா மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வாடகையோடு இரண்டு தலையணையும் வந்தது!

⁂

நாங்கள் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையோரம், சிந்துபூந்துறை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் வீட்டுக்குள் ஆறு வந்துவிட்டது. தேக்குக் கட்டிலைக் கழுவி நிழலில் காயப்போட்டதும் தேறிவிட்டது. வார்ட்ரோப்தான் போச்சு. பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியதுதானே! ஓரத்துப் பட்டை பிரிந்து தண்ணீர் ஏறி, அடிப்பக்கம் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அதை வாங்கியதும் இப்படி ஒரு அண்ணன் தம்பி கடையில்தான்; அங்கே போய்ச் சொன்னேன். "தண்ணிக்கு வாரண்டி கிடையாது தம்பி" என்றார் பெரியவர். நியாயம்தான். ஆனால் மறுநாளே ஆசாரியை அனுப்பி, நன்றாக இருந்த கதவுகளை அப்படியே வைத்து, அடிப்பெட்டியை மட்டும் பிளைவுட்டில் மாற்றித் தந்தார். பிளைவுட் விலையும் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டார். கஸ்டமர் கேரில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைந்திருந்தால் இது நடந்திருக்குமா?

⁂

எல்லாம் சரி, பாய் மட்டும் இந்த மாதிரிக் கடைகளில் வாங்காதீர்கள். பத்தமடைப் பாய் என்று எனக்கு ஒரு கடையில் விரித்துக் காட்டியது சுத்த பிளாஸ்டிக். கோரையை ஊறப்போட்டுக் கீறி, நீளவாக்கில் ஓடும் பருத்தி நூல் பாவில் நெய்கிற பாய் அது. சேரன்மகாதேவிப் பக்கம்தானே ஊர், பஸ் ஏறி நெய்கிறவர்களிடமே வாங்குங்கள். கல்யாணப் பாய் என்றால் முன்னாடியே சொல்லி வையுங்கள், பெண் மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள்.