பக்கத்துப் பெஞ்சில் யார்? குமரி மாவட்டப் பள்ளிகள் பற்றி ஒரு விவாதம்

தோவாளை அப்பா:
எங்கள் பகுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், வருகிற கல்வியாண்டில் எல்லாரும் பிள்ளைகளை "நம்ம ஆட்கள்" நடத்தும் பள்ளியிலேயே சேர்க்க வேண்டும் என்று ஒருவர் போட்டார், அதற்குக் கைதட்டல் வேறு. எனக்கு மனசு ஒப்பவில்லை. 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 49 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, கிறிஸ்தவர்கள் 47-க்குச் சற்றுக் கீழே, முஸ்லிம்கள் 4-க்குச் சற்று மேலே. இப்படிக் கலந்து கிடக்கிற ஊரில் எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை வேறு மதத்துப் பிள்ளை ஒன்றின் வீட்டுக்குள் கால் வைக்காமலே வளர முடிகிறது என்றால் அது நாம் வேலை மெனக்கெட்டு உண்டாக்கியது. 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கொஞ்சம் அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கடற்கரை மகன்:
அண்ணே, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் பங்குப் பள்ளியில், அதாவது ஊர் தேவாலயம் நடத்தும் பள்ளியில் படித்தேன், அங்கே எல்லாரும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களின் பிள்ளைகள், யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. ஆறாம் வகுப்புக்குக் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி ஒரு பொதுப் பள்ளிக்குப் போன பிறகுதான் என் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது, பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பொத்தினார்கள், வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அந்த இரண்டாவது பள்ளி எனக்கு என்ன நல்லிணக்கத்தைக் கற்றுத் தந்தது? பொதுப் பள்ளியின் வாசல் எங்களைப் போன்றவர்களுக்கு அடைபட்டிருந்த காலத்தில் படிக்க வைத்தது பங்குப் பள்ளியும் மிஷன் பள்ளியும்தான். 1806-இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே காலத்திலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. சொந்தப் பள்ளி இல்லையென்றால் நான் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன்.

தோவாளை அப்பா:
உங்களுக்கு நடந்தது கொடுமை, அதில் மறுபேச்சே கிடையாது. ஆனால் அந்த மிஷன் பள்ளிகள் சாதி மதம் பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்தன, நாகர்கோவிலில் பல பள்ளிகளில் இன்றைக்கும் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். நான் எதிர்ப்பது இப்போது வளர்ந்திருக்கும் வேறு ஒரு பழக்கத்தை. வீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளியைத் தாண்டி, இன்னும் இரண்டு பள்ளியைத் தாண்டி, வேன் வைத்து "நம்ம" பள்ளிக்கு அனுப்புகிறார்களே, அதை. சட்டமும் இதில் பெரிய உதவி இல்லை. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்ற விதி சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. ஆக, நாமாக மனசு வைத்தால்தான் உண்டு.

மேல்புறம் டீச்சர்:
இரண்டு பேரும் பள்ளியில் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறீர்கள். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன், எங்களிடம் எல்லாரும் இருக்கிறார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் அவரவர் கூட்டம் தனித்தனி. சேர்ந்து இருப்பது மட்டும் போதாது என்பதை உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதிவிட்டார். இரண்டு தரப்புக்கும் அங்கே சம மதிப்பு வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடிக்க முடியாத வேலை வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் போட்டபோது சண்டை வந்தது. எலியட் அரான்சன் என்பவர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்ற துண்டுகளை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தேர்வோ முழுப் பாடத்துக்கும்.

நான் அதை ஏழாம் வகுப்பில் நம் ஆற்றை வைத்துச் செய்கிறேன். கோதையாற்றுக் காடு ஒருவருக்கு, 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை ஒருவருக்கு, நாஞ்சில் நாட்டு வாய்க்காலும் வயலும் ஒருவருக்கு, ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம் ஒருவருக்கு. மலையிலிருந்து வரும் காணி இனத்துப் பிள்ளை ஒன்று, வாயே திறக்காத பிள்ளை, காட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் மற்றவர்கள் நோட்டை எடுத்து எழுதினார்கள். ஏனென்றால் அது அவர்களுக்கு மார்க். பொழிமுகத்துக்கும் அப்படித்தான், மணல் எப்போது வாயை அடைக்கும், மீன் எப்போது ஏறும் என்று கடற்கரைப் பையன்தான் சொல்ல வேண்டும். முதல் ரேங்க் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் சண்டைக்கு வந்ததும் உண்மை.

கடற்கரை மகன்:
டீச்சர், நீங்கள் செய்வீர்கள். உங்கள் பக்கத்து வகுப்பு ஆசிரியர்? நீங்கள் சொன்ன நான்கில் சம மதிப்பும் மேலிடத்து ஆதரவும்தான் எங்களுக்கு எப்போதும் கிடைக்காதவை. பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வியாக எந்த ஊர், எந்தப் பங்கு என்று கேட்டு ஆளை எடைபோடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் கூடப் படித்தவர்களே சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் எதை நடைமுறைப்படுத்தினார்கள்? அதைச் சொல்லாமல் என் மகளை அனுப்பச் சொன்னால் எப்படி?

தக்கலை வாசகி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் பேசுவது இரண்டு பெரிய கூட்டத்தின் பிரச்சினை. நாங்கள் 4 சதவீதம், எல்லா ஊரிலும் எங்களுக்கென்று பள்ளி கிடையாது, என் மகள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவளை யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் நோன்பு வந்தால் ஆசிரியை அவளை எழுப்பி "உங்க ஆட்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள், சொல்லு" என்று கேட்கிறார். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மதத்துக்கே பதில் சொல்ல வேண்டுமா? ஓணத்துக்கும் சவேரியார் திருவிழாவுக்கும் அய்யாவழிக்காரர்களின் வைகுண்டர் பிறந்த நாளுக்கும் உள்ளூர் விடுமுறை விடுகிற மாவட்டம் இது, மற்ற பிள்ளைகளை யாரும் எழுப்பிக் கேட்பதில்லையே. டீச்சர் சொன்ன ஆற்றுப் பாடம் எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம், அங்கே பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது, தான் யார் என்று விளக்கம் கொடுக்கவில்லை.

தோவாளை அப்பா:
அக்கா சொன்னது நான் யோசிக்காத பக்கம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத்தவரின் பிள்ளைகள். தமிழே தெரியாமல் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள், அவர்களுக்காகப் பேச இந்தத் திரியில்கூட ஒருவர் இல்லை.

மேல்புறம் டீச்சர்:
கடற்கரைத் தம்பிக்கு நேரடியாகச் சொல்கிறேன். கயிறு எங்கள் பள்ளியில் இல்லை. அகர வரிசை ஒரு வகுப்பில் மட்டும், என்னுடையதில். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான், அங்கே யாரும் இதைக் கேட்பதே இல்லை. நீங்கள் என்ன கேட்பீர்கள், எழுதுங்கள்.

கடற்கரை மகன்:
இரண்டே விஷயம். எல்லா வகுப்பிலும் இருக்கையை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். எந்த ஆசிரியரும் வகுப்பில் பிள்ளையின் சாதியையோ பங்கையோ கேட்கக் கூடாது, கேட்டால் புகார் வாங்க ஆள் வேண்டும். எழுத்தில் வரட்டும், நான் மகளோடு வந்து பார்க்கிறேன்.

மேல்புறம் டீச்சர்:
அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். முதலாவது நடந்துவிடும். இரண்டாவதுக்கு எங்கள் ஆசிரியர் அறையிலேயே எதிர்ப்பு வரும், அதற்கு வெளியிலிருந்து பெற்றோர் கையெழுத்து வேண்டும். தக்கலை அக்கா, தோவாளை அண்ணன், உங்கள் பள்ளிகளிலும் இதையே கேளுங்கள்.