24 மணி நேர யூரின் டெஸ்ட்டுக்கு 'முழுநாள் திரட்டு' சரிவருமா?

ஐயா வணக்கம். லேப் சொல்லுகளுக்குத் தமிழ்ப் பேர் வைக்கிற நம்ம பட்டியல்ல, 24 மணி நேரமும் போற சிறுநீரைச் சேத்துக் கொண்டுவர்ற டெஸ்ட்டுக்கு நீங்க சொன்ன 'நாண்முழு நீரீட்டம்' இலக்கணத்துக்குச் சரியா இருக்கலாம், ஆனா தொண்டியில லேப்ல உக்காந்து அஞ்சு லிட்டர் கேனை நீட்டி நான் அப்படிச் சொன்னா வந்தவுக முழிப்பாக.

'ஒருநாள் சிறுநீர்'னு தங்கச்சி போட்டதும் ஒத்துவரல. எங்க பக்கம் ஒரு நாள்னா விடிஞ்சு பொழுது அடையிற வரைக்கும்னு எடுத்துக்கிட்டு ராத்திரிய விட்டுருவாக, கடலுக்குப் போறவுக கேக்கவே வேணாம். ராத்திரி விட்டுப்போனா கணக்கே தப்பு. கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் காலையில ஏறி நடுராத்திரி நல்லா இறங்கிருக்கும், அது அளவுக்கு மீறிச் சுரக்குற குஷிங் நோய்ல அந்த இறக்கம் இருக்காது, அதனாலதான் ஒருதடவை பிடிச்சத நம்பாம 24 மணி நேரத்துக்கும் சேத்துப் பாக்குறது, அதையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேப்பாக.

அதான் 'முழுநாள் திரட்டு'ங்கறேன். ஒருதடவை பிடிக்கிறதுக்கு 'ஒருமுறை மாதிரி' போதும். 'ஒருவேளைச் சிறுநீர்' வேணாம்யா, ஒருவேளை சிறுநீரா இருக்குமோன்னு படிப்பாக.

பெரிய குழப்பம் ஆரம்பத்துலதான். காலையில 6 மணிக்கு மொதல்ல போறத ஊத்திட்டு நேரத்தைக் குறிக்கணும், அதுக்கப்புறம் போற எல்லாத்தையும் பிடிச்சு மறுநாள் 6 மணிக்குப் போறதையும் கேன்ல சேத்து முடிக்கணும். நம்மாளுக தலைகீழா, மொதல்ல போறதப் பிடிச்சிட்டு கடைசிய விட்டுட்டு வருவாக. அதனால மொதலுக்கு 'விடுநீர்', கடைசிக்கு 'முடிநீர்'. காதுல ஒருதடவை விழுந்தா மறக்காது.

மெட்டாநெஃப்ரின்ங்கிற பொருளைப் பாக்குற கேன்ல (சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரீனல் சுரப்பியில கட்டி சந்தேகத்துக்கு) சில லேப்ல கெடாம இருக்க முன்னாடியே ஆசிட் ஊத்தித் தருவாக. அதுக்குப் 'பதப்பொருள்'னு பேர் வச்சா நல்லா கழுவிட்டுக் கொண்டுவருவாக. ஆசிட்டுன்னே இருக்கட்டும், நேரா கேன்ல போகாம மக்குல பிடிச்சு ஊத்தணும்னும் சேத்து எழுதுங்க. மீன் ஐஸ் பெட்டியில கேனை வைக்கலாமான்னு கண்டிப்பா கேப்பாக, குளுமையா இருக்கணும், தாராளமா வைக்கலாம், மீனோட வேணாம்.

முழுசா சேத்தாகளான்னு, தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சிறுநீர்ல போற கிரியாட்டினின்ங்கிற கழிவைப் பாத்து சரிபாக்குறதுக்கு 'நிறைவுச் சோதனை'. இது சுமார்தான், வேற இருந்தா சொல்லுங்க.

—

தம்பி, விடுநீர், முடிநீர் ரெண்டையும் பட்டியல்ல ஏத்திட்டேன். 'திரட்டு' மட்டும் இடிக்குது, எங்க வீட்டுல கேட்டா திரட்டுப்பாலாங்கிறாக. 'முழுநாள் சேர்ப்பு'ன்னு மாத்திக்கலாமா?