சைலன்சர் போட்ட பிறகு செமி ஆட்டோ ரைஃபிள் ஏன் கூடுதலா உதைக்குது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

ஹில்கன்ட்ரி (டெக்சாஸ்)

லானோ பக்கம் ஒரு பண்ணையில ராத்திரி காட்டுப்பன்றி அடிக்கப் போறது வழக்கம். நிலக்காரர் கூப்பிட்டுத்தான் போறோம். மக்காச்சோளம் விதைச்ச நாலு நாள்ல வரிசையா மண்ணைக் கிளறித் தின்னுட்டுப் போயிடும், அவர் படுற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல. இங்க 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்துல நிலக்காரர் சம்மதம் இருந்தா பன்றிக்கு வேட்டை லைசென்ஸ் கூட வேண்டாம்.

என் துப்பாக்கி ஏஆர்-10 வகை செமி ஆட்டோ (ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறும்), .308 வின்செஸ்டர் தோட்டா, 16 அங்குலக் குழல். வெறுங்குழலா சுட்டா தோள்ல ஒரு தள்ளு, அதோட சரி. சைலன்சர் மாட்டினா உதை குறையணும்னுதானே எல்லாரும் சொல்றாங்க? எனக்கு நேர்மாறா இருக்கு. முதல்ல அந்தத் தள்ளு. அது முடியுறதுக்குள்ள தோள்ல வைக்கிற கட்டைக்குள்ளருந்து 'டக்'னு ரெண்டாவதா ஒரு இடி. உடம்புச் சூட்டை வச்சு இருட்டுல படம் காட்டுற தெர்மல் ஸ்கோப்புல படம் மேல எகிறி, திரும்ப இறங்குறப்போ பன்றிக் கூட்டம் புதருக்குள்ள போயிருக்கு. கூட்டமா நிக்கிறப்போ ரெண்டாவது குண்டுதான் முக்கியம், அது இங்க கிடைக்கவே மாட்டேங்குது.

வாங்கின கடையில கேட்டேன். மெத்துனு ஒரு ரப்பர் பேட் எடுத்துக் கொடுத்தாங்க. தோள் வலி குறைஞ்சது, படம் எகிறுறது குறையல.

டூல்ரூம் (ஹூஸ்டன்)

நீங்க சொன்ன ரெண்டாவது இடிதான் விஷயமே. அது தோட்டாவோட உதை இல்ல, போல்ட் கேரியரோட உதை (சுட்டதும் பின்னாடி ஓடி, திரும்ப வர்றப்போ அடுத்த தோட்டாவை ஏத்துற இரும்புப் பாகம்). ரெண்டையும் பிரிச்சுப் பாக்காதவரைக்கும் எத்தனை ரப்பர் ஒட்டினாலும் வேலைக்காகாது.

தோட்டாவோட உதை எங்கிருந்து வருது? 150 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 9.7 கிராம், உங்க 16 அங்குலக் குழல்ல நொடிக்கு சுமார் 2600 அடி வேகத்துல வெளிய போகுது. அது கூடவே கிட்டத்தட்ட 45 கிரெயின் மருந்து எரிஞ்ச வாயுவும் போகுது. எடை கம்மிதான், ஆனா குழல் வாயை விட்டு வெளிய வர்றப்போ குண்டை விட வேகமா பீறிடும். சைலன்சர் இந்த வாயுவைப் பிடிச்சு மெதுவா விடுது, குழல் முனையில எடையும் ஏத்துது. அதனால போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி (ஒவ்வொரு தோட்டாவையும் கையால ஏத்துறது) வச்சிருக்கவன் சைலன்சர் போட்டதும் 'ஆஹா'ங்கிறான். அவன் சொல்றது நிஜம்.

நம்ம துப்பாக்கியில குழல் நடுவுல ஒரு சின்னத் துளை இருக்கு. குண்டு அதைத் தாண்டினதும் வாயு அது வழியா பின்னாடி வந்து கேரியரைத் தள்ளும். வெறுங்குழல்ல குண்டு வாயைத் தாண்டினதும் அழுத்தம் விழுந்துடும், துளைக்குப் போற வாயுவும் நின்னுடும். சைலன்சர் இருந்தா அழுத்தம் இறங்க நேரமாகுது. அந்த நேரம் பூரா துளை வழியா வாயு வந்துக்கிட்டே இருக்கு. கேரியர் தேவைக்கு மேல வேகம் எடுத்து, கட்டைக்குள்ள இருக்கிற பஃபர் குழாயோட கடைசியில போய் மோதுது. உங்க 'டக்' அதுதான். தொழிற்சாலையிலயே துளையைக் கொஞ்சம் தாராளமா போட்டு அனுப்புறாங்க, எந்த மட்டமான தோட்டாவும் ஓடணுமேன்னு. அதுவும் இதுல சேருது.

சந்தேகமா இருந்தா சுட்டதும் கீழ விழுந்த தோட்டாவோட வெற்றுக் கூட்டைப் பொறுக்கிப் பாருங்க. அடிப்பக்கம், எழுத்து பொறிச்சிருக்கிற வட்டத்துல, நகத்தால சுரண்டின மாதிரி பளபளனு ஒரு பித்தளை இழுப்பு தெரியும். விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை வெளிய இழுக்கிற கொக்கி) பிடிச்ச இடம் லேசா வளைஞ்சிருக்கும். கூடு இன்னும் அழுத்தத்துல உப்பி அறையைப் பிடிச்சிருக்கிறப்பவே கேரியர் அதைப் பிடுங்கியிருக்குன்னு அர்த்தம். கூடு முன்பக்கமா, கடிகாரத்துல ஒரு மணி ரெண்டு மணி திசையில பறந்தாலும் அதே கதைதான். மூணுலருந்து நாலரை மணிக்குள்ள விழுந்தா பரவாயில்ல.

என்னைக் கேட்டா முதல்ல அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக், அதாவது அந்தத் துளை வழியா வர்ற வாயுவைத் திருகால கூட்டிக் குறைக்கிற பாகம். சைலன்சரை மாட்டிட்டு, வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதையே வச்சு சரி பண்ணணும். திருகை முழுக்க மூடிடுங்க. மேகசின்ல ஒரே ஒரு தோட்டா. சுட்டா கேரியர் முழுசா பின்னாடி வராது, போல்ட் திறந்து நிக்காது. ஒரு கிளிக் திறங்க, திரும்ப ஒண்ணு. எப்போ கடைசித் தோட்டாவுக்கு போல்ட் பின்னாடி பூட்டி நிக்குதோ அங்க நிறுத்தி, அதே இடத்துல இன்னும் சில தடவை சுட்டுப் பாருங்க. அப்புறம் ஒண்ணு ரெண்டு கிளிக் கூடுதலா திறந்து விட்டுடுங்க. அந்த ஒண்ணு ரெண்டு கிளிக்கைக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அழுக்குக்கும் குளிருக்கும் அது வேணும்.

கனமான பஃபர் (குழாய்க்குள்ள கேரியருக்குப் பின்னாடி ஸ்பிரிங்கோட ஓடுற எடை) அடுத்த படி. பலபேரு முதல்ல அதைத்தான் வாங்குறாங்க, மலிவு பாருங்க. வர்ற வாயுவைக் குறைக்காம எடையை மட்டும் ஏத்தினா, அந்த எடை பின்னாடி போற மாதிரியே முன்னாடியும் வந்து மோதும், குழல் முனை கீழ குத்தும். இன்னொண்ணு, ஏஆர்-10-க்கு பஃபர் ஒரே அளவுன்னு கிடையாது. பொருந்தாத நீளத்தைப் போட்டா கேரியர் அளவுக்கு மீறிப் பின்னாடி வந்து கீழ் ரிசீவர்லயே (துப்பாக்கியோட கீழ் உடம்பு) இடிக்கும்.

பீச்சாங்கை (டல்லாஸ்)

நான் இடக்கைக்காரன். கூடு வெளிய வர்ற வாசல் சரியா என் மூக்குக்கு முன்னாடி. சைலன்சர் போட்ட ஏஆர்-ல நாலஞ்சு குண்டு சுட்டா கண்ணுல தண்ணி, தொண்டையில செம்பைக் காய்ச்சின மாதிரி ஒரு கசப்பு. உதையைப் பத்தி யோசிக்கவே இல்ல, இந்தப் புகையை நிறுத்தினா போதும்னுதான் ஆரம்பிச்சேன்.

எடுத்துக்கிட்ட வழி வேற: சைலன்சரையே மாத்தினேன். வாயுவை உள்ளயே பூட்டி வைக்காம முன்பக்கமா சுத்தி வெளிய விடுற வகை இருக்கு, 'ஃப்ளோ த்ரூ'ங்கிறாங்க. முன்னாடி ஓஎஸ்எஸ், இப்போ ஹக்ஸ்வர்க்ஸ்னு பேர் மாத்தின கம்பெனி இந்த வகைக்குத்தான் பேர் போனது. புகை பெருமளவு போச்சு, கூடவே அந்த ரெண்டாவது இடியும் பாதிக்கு மேல அடங்கிடுச்சு. டூல்ரூம் அண்ணன் சொன்ன காரணத்தைப் படிச்சப்புறம்தான் ஏன்னு புரியுது. ஒரு குறை உண்டு. குழல் வாய்ல ஒளிப்பொறி பழசை விடக் கொஞ்சம் கூடுதலா தெரியுது, ராத்திரியில அது உறுத்துது.

காது விஷயத்துல யாரும் ஏமாறாதீங்க. கம்பெனி சொல்ற டெசிபல் பெரும்பாலும் குழல் முனைப் பக்கத்துல அளந்தது. செமி ஆட்டோவுல வாசல் வழியா வர்ற சத்தம் நேரா சுடுறவன் காதுக்கு. .308 குண்டு ஒலியை விட வேகமா போறதால அந்த வேகத்தால வர்ற வெடிப்புச் சத்தம் வேற இருக்கு. நான் ரெண்டு காதையும் மூடாம சுடறதில்ல.

வடகடல் (நோர்வே)

வணக்கம். நான் நோர்வேயிலை, துரண்லாக் பக்கம். எங்கட வேட்டை மூஸ் மான், நாங்கள் எல்க் எண்டுவம். என்னட்டை இருக்கிறது பிரவுணிங் பார் (BAR) எண்ட செமி ஆட்டோ துவக்கு, தோட்டா .30-06. 1967இலை வந்த மொடல், இப்பவும் செய்யினம். இஞ்சை சைலன்சர் ஒரு புதினமான சாமான் இல்லை, கடையிலை ஸ்கோப் மாதிரி அடுக்கி வைச்சிருப்பினம். காட்டுக்கை நாயும் ஆளும் பக்கத்திலை நிக்கேக்கை அது இல்லாமல் வாறவனைத்தான் ஒரு மாதிரிப் பாப்பினம்.

பார் ரைஃபிளிலை நீங்கள் சொல்லுற மாதிரி வெளியாலை திருகிற கேஸ் பிளாக் இல்லை. அதாலை நான் எடையிலைதான் கை வைச்சன். பின்லாந்துக்காரர் செய்யிற ரிஃப்ளெக்ஸ் வகை சைலன்சர், பாதி உடம்பு குழலைச் சுத்திப் பின்பக்கம் வரும். துவக்கு நீளுறது குறைவு, பாரம் கைக்குக் கிட்ட இருக்கும். அதோடை கட்டையின்ரை நீளத்தையும் எனக்கு அளவாக்கினன். குளிருக்குத் தடிச்ச ஜாக்கெட் போட்டால் கட்டை நீண்டு போகும், தோளிலை வைக்கிறதுக்குப் பதிலாப் புயத்திலை வைச்சுச் சுடுவம். அப்ப உதைக்காமல் என்ன செய்யும்? மெல்லிய தகடு ஒண்டைக் கழட்டினாப் பிறகுதான் அது சரிவந்தது. பெரிய உருப்படி ஒண்டும் வாங்கேல்லை.

குளிரைப் பற்றி எழுதினதுக்கு நன்றி. மைனஸ் பதினைஞ்சிலை மருந்தின்ரை அழுத்தம் குறையும், எண்ணெய் பிசின் மாதிரி இறுகும். கோடையிலை வாயுவை மட்டுமட்டா வைச்சு ட்யூன் பண்ணின ஏஆர் குளிருக்கை ஒண்டுதான் சுடும், அடுத்தது ஏறாது. ஏஆர் வைச்சிருந்த ஒரு கூட்டாளியின்ரை கதை அது. இஞ்சை ஒவ்வொரு வருசமும் பெரிய விலங்கு வேட்டைக்கு முன்னம் 100 மீற்றரிலை அஞ்சு வெடி வைச்சுப் பாஸ் பண்ண வேணும், அதுக்கு முதல் முப்பது வெடி பயிற்சி. அந்த நேரம் துவக்கைப் பிழை பிடிக்கிறது நல்லது.

உதை குறையவெண்டு விக்கிற மெல்லிய லோட் தோட்டாவை செமி ஆட்டோவுக்கு ஒருத்தரும் வாங்காதையுங்கோ. போல்ட் ஆக்‌ஷனுக்குச் சரி. எங்கட துவக்கை இயக்க அதுக்கு வாயு காணாது.

புதுவரவு (ஆஸ்டின்)

இடையில ஒரு கேள்வி. நான் ஹெச்1பி வேலை விசாவுல இருக்கேன். இதெல்லாம் நான் வாங்கலாமா?

டூல்ரூம் (ஹூஸ்டன்)

தற்காலிக விசாவுல இருக்கவங்க துப்பாக்கி வச்சுக்க ஃபெடரல் சட்டம் பொதுவா தடை. ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. டெக்சாஸ்ல பன்றிக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு நீங்க எடுக்காம விட்டா, அந்த விலக்கு உங்களுக்கு இல்லாம போயிடும். சைலன்சரும் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கிதான். 1934-லருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆயிடுச்சு, ஆனா விண்ணப்பம், கைரேகை, பதிவு எல்லாம் அப்படியேதான். விசாவை வச்சு விளையாட வேண்டாம், காசு போனாலும் வக்கீலைக் கேட்டுட்டு வாங்குங்க.

ஹில்கன்ட்ரி (டெக்சாஸ்)

எல்லாருக்கும் நன்றி. அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக் மாட்டியாச்சு. கூட்டைப் பொறுக்கிப் பார்த்தேன், டூல்ரூம் சொன்ன அதே பளபள இழுப்பு. மூடி வச்சு ஒவ்வொரு கிளிக்கா திறந்துட்டு வந்தேன். போல்ட் பூட்டி நின்ன இடத்துலருந்து ரெண்டு கிளிக் மேல வச்சிருக்கேன். கூடு இப்போ நாலு மணிப் பக்கம் ஒரே குவியலா விழுது, இழுப்பு இல்ல.

'டக்' முழுசா போகல. ஆனா ஒரே தள்ளுல கரைஞ்ச மாதிரி இருக்கு. முக்கியமா தெர்மல் படம் எகிறினாலும் பன்றி ஓரத்துலயாவது தெரியுது, தேட வேண்டியதில்ல. பேடையும் கழட்டல, கிடக்கட்டும். பஃபர் வாங்குற யோசனையை இப்போதைக்கு ஒத்தி வச்சாச்சு.

ஒரு சந்தேகம் பாக்கி: இந்தத் திருகுல கரி பிடிச்சு இறுகிப் போகும்னு படிச்சேன். யாருக்காவது ஆகியிருக்கா?

பீச்சாங்கை (டல்லாஸ்)

பழைய துப்பாக்கியில ஆச்சு. அலன் சாவி வழுக்கி, திருகுத் தலையே உருண்டை ஆயிடுச்சு, அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுத்தோம். துடைக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் எத்தனையாவது கிளிக்னு குறிச்சு வச்சுட்டு, முழுக்க மூடித் திறந்து, பழைய இடத்துக்கே கொண்டு வந்துடுங்க. சூட்டைத் தாங்குற ஆன்டி சீஸ் பசை இருந்தா திருகு மரையில ஒரு துளி போதும்.