சேராத கல்லூரி அனுப்பிய கேள்வித்தாள்

என் மகளுக்குப் பென்சில்வேனியாவில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தும், நாங்கள் வசிக்கும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலேயே அவள் சேர்ந்தாள். அமெரிக்கக் கல்லூரிகளில் பல, சேர்வதா இல்லையா என்று மாணவர்கள் முடிவைத் தெரிவிப்பதற்குரிய கடைசி நாளாக மே 1-ஆம் தேதியை வைத்திருக்கின்றன. அது கழிந்து சில வாரங்களில், அவள் வேண்டாம் என்று விட்ட அந்தத் தனியார் கல்லூரியிடமிருந்து, ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு நீண்ட கேள்வித்தாள் மின்னஞ்சலில் வந்தது. நிரப்பி அனுப்புவோரில் சிலருக்குக் குலுக்கல் முறையில் பரிசு அட்டை உண்டு என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

அழித்துவிடலாம் என்றாள் மகள். நான்தான் அவளை உட்காரவைத்தேன். பாடப்பிரிவுகள், விடுதி, வளாகத்தின் சூழல், வீட்டிலிருந்து உள்ள தொலைவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கேட்டிருந்தார்கள். கல்லூரியை நினைத்தவுடன் மனத்தில் தோன்றும் சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பகுதியில் அவள் ‘நட்பானது’, ‘ஒதுக்குப்புறமானது’ ஆகிய இரண்டையும் குறித்தாள், இரண்டுமே உண்மைதான்.

பணத்தைப் பற்றிய பகுதியில்தான் இருவரும் தயங்கினோம். இடம் கிடைத்த மற்றக் கல்லூரிகளின் பெயர்களையும், அவை ஒவ்வொன்றும் அளிக்க முன்வந்த உதவித்தொகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதையும் கேட்டிருந்தார்கள். மாணவர் எங்கே சேர்ந்தார் என்பதை மட்டும் அறிய இந்தக் கேள்வித்தாள் தேவையே இல்லை. பெரும்பாலான கல்லூரிகளின் சேர்க்கை விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் வழியாகவே அதைத் தெரிந்துகொள்ளலாம். அங்கே கிடைக்காதவை காரணமும், போட்டிக் கல்லூரி வைத்த விலையும்தான். அடுத்த ஆண்டு எவருக்கு எவ்வளவு சலுகை கொடுத்தால் வருவார்கள் என்று கணக்கிட இவை பயன்படும் என்பதே என் எண்ணம்; அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் மாட்டேன்.

எங்கள் காரணமோ எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. ‘செலவு அதிகம்’ என்று குறிக்க இடம் இருந்தது. ஆனால் அவர்கள் அனுப்பிய நிதி உதவிக் கடிதத்தில், திருப்பித் தர வேண்டாத மானியத்தோடு, பெற்றோர் பெயரில் வாங்கவேண்டிய பிளஸ் என்னும் அரசுக் கடனையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டியிருந்ததால்தான் எங்களுக்கு நம்பிக்கை போயிற்று. அந்தக் கடனை உதவியாகக் கொள்ளாமல் பார்த்தபோது, நாங்கள் கட்டவேண்டியிருந்த தொகை, உள்மாநில மாணவர்களுக்கு ரட்கர்ஸ் வாங்கும் கட்டணத்தைவிட மிக அதிகமாக இருந்தது. இதைக் கடைசியில் இருந்த கருத்துப் பெட்டியில் நான்கு வரிகளில் மகளே எழுதினாள்.

என் அலுவலக நண்பரின் மகனோ, இதேபோன்ற கேள்வித்தாளில் ‘வீட்டிலிருந்து தொலைவு’ என்று மட்டும் குறித்து முடித்துவிட்டான். பேராசிரியர் ஒருவர் அவன் மின்னஞ்சலுக்குப் பதிலே தரவில்லை என்பது உண்மைக் காரணம். அதைச் சொன்னால் அவருக்குச் சங்கடமாகும் என்று விட்டுவிட்டானாம். இத்தகைய மரியாதைப் பதில்களைக் கூட்டி, தொலைவுதான் சிக்கல் என்று அந்தக் கல்லூரி முடிவு கட்டினாலும் வியப்பில்லை.

மற்றக் கல்லூரிகளின் தொகையைச் சொல்லலாமா என்று தயங்குபவர்களுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ரட்கர்ஸின் கட்டணம் எவரும் பார்க்கக்கூடியது என்பதால் அதை எழுதினோம். எங்களுக்கென்று தனியாகச் சலுகை தந்திருந்த மூன்றாவது கல்லூரியின் கட்டத்தை வெறுமையாக விட்டோம், கேள்வித்தாளும் அதை ஏற்றுக்கொண்டது.