மார்ட்டின், ஓசா ஜான்சன் இணையரின் படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி

வணக்கம். 1910-இல் மணம் புரிந்து, அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் தென் பசிபிக் தீவுகள், கென்யா, காங்கோ, போர்னியோ என்று சேர்ந்தே பயணம் செய்து, படமெடுத்தும் எழுதியும் வந்த அமெரிக்கத் தம்பதியர் மார்ட்டின் ஜான்சனையும் ஓசா ஜான்சனையும் பற்றி அண்மையில் படித்து வருகிறேன். நானும் என் கணவரும் காட்டுப் பயணங்களைப் பற்றி எழுதிப் படங்களுடன் வெளியிடுகிறவர்கள் என்பதால் அவர்களுடைய வாழ்க்கை எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுகிறது. ஆனால் பேச்சு படங்களைப் பற்றி வரும்போது மார்ட்டின்தான் கலைஞர் என்றும், ஓசா துப்பாக்கியுடன் அருகில் நின்ற மனைவி என்றும் பலர் எழுதுகிறார்கள். இது சரியான மதிப்பீடுதானா? அந்தப் படங்களை உண்மைப் பதிவுகளாக இன்று ஏற்கலாமா?

பதில் 1

வணக்கம் அம்மா. உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்தக் காலத்துக் கேமராவிலேயே இருக்கிறது. அன்றைய திரைப்படக் கேமராவில் ஒரு கை பிடியைச் சீராகச் சுழற்ற வேண்டும், மறு கை கேமராவைத் திருப்ப வேண்டும், கண் காட்சியை விட்டு அகலவே கூடாது. காண்டாமிருகம் பாய்ந்து வரும்போது இப்படி நிற்கும் மனிதனால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. ஓசா துப்பாக்கியை ஏந்தி, சுட வேண்டிய கணம் வரை சுடாமல் பொறுத்து நின்றதால்தான் மார்ட்டினால் படச்சுருளைத் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. ஆகவே அவரும் அந்தப் படத்தை எடுத்தவர் என்றே நான் கருதுகிறேன்.

1924 முதல் 1927 வரை வடக்குக் கென்யாவின் மார்சபிட் மலையில், பாரடைஸ் ஏரிக்கரையில் அவர்கள் குடியிருந்த காலத்தையும் பாருங்கள். கோடக் நிறுவனத்தை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மேன் பொருளுதவி செய்தார். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆதரவு தந்தது. எரிமலை வாயில் தேங்கிய அந்த ஏரிக்கு யானைகள் நீர் அருந்த வரும். அங்கே வீடுகளும் படச்சுருள் கழுவும் கூடமும் எழுந்தன. காய்கறித் தோட்டமும் முகாமின் உணவும் ஓசாவின் பொறுப்பில் இருந்தன. ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கியதே அப்படங்களின் உயர்வுக்குக் காரணம். தங்க முடிந்ததற்கோ ஓசா பெரிய காரணம். 1937 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நேர்ந்த பயணிகள் விமான விபத்தில் மார்ட்டின் இறந்தார். காயங்களுடன் பிழைத்த ஓசாவின் பெயரில் 1940-இல் வெளிவந்த வாழ்க்கை நூல் அமெரிக்காவில் மிகப் பெரிய அளவில் விற்பனையாயிற்று.

பதில் 2

முந்தைய பதிலை நான் மறுக்கவில்லை. ஆயினும் நம்பகத்தன்மை பற்றிய கேள்விக்கு அது விடையாகாது. விலங்குகளின் படங்களையும் மனிதர்களின் படங்களையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1917-இல் அவர்கள் நியூ ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் மாலெகுலாவுக்குச் சென்றார்கள். இன்று அது வனுவாட்டு நாட்டின் பகுதி. அங்கே பிக் நம்பாஸ் மக்களின் தலைவர் நகாபாட்டேயிடம் சிக்கிக்கொண்டு, விரிகுடாவில் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல் தென்பட்டதால் தப்பினோம் என்று அவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த படத்தின் தலைப்பிலேயே அம்மக்கள் மனிதரைத் தின்பவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். பின்னர் மீண்டும் அத்தீவுக்குப் போய், அங்கே எடுத்த படத்தை அம்மக்களுக்கே திரையிட்டுக் காட்டினார்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் தங்களைக் குறித்து என்ன சொல்லப்படுகிறது என்பதில் அம்மக்களுக்கு எந்தக் குரலும் இருக்கவில்லை. 1932-இல் வெளிவந்த ‘காங்கொரில்லா’ என்ற படத்தில் காங்கோவின் இத்தூரி காட்டு மக்களுக்கு ஜாஸ் இசைத்தட்டைப் போட்டு ஆடவைத்துப் படமாக்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அமெரிக்கத் திரையரங்குப் பார்வையாளரைச் சிரிக்கவைக்க ஒரு மக்கள் கூட்டத்தைப் பயன்படுத்திய செயல் அது.

விலங்குப் படங்களும் முழுவதும் இயல்பானவை அல்ல. இரவுச் சிங்கங்களின் புகழ்பெற்ற படங்கள் இரை வைத்து, ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. பாய்ச்சலைப் படம்பிடிக்க விலங்கை மிக நெருங்கிச் சென்று, அது பாய்ந்த பின் சுட்டுக் கொன்றதும் உண்டு. அந்தக் கொலை பாதுகாப்புக்காக நிகழ்ந்தது என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓசாவின் துப்பாக்கியை இந்த இரண்டு கோணங்களிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிறது. வானிலிருந்து எடுத்த படங்களைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

பதில் 3

அவர்களுடைய படங்களில் நான் மிகவும் நேசிப்பவை அவையே. இருவரும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1933-34-இல் இரண்டு சிகோர்ஸ்கி விமானங்களுடன் ஆப்பிரிக்காவைச் சுற்றினார்கள். நீரிலும் இறங்கவல்ல அவ்விமானங்களில் ஒன்றுக்கு வரிக்குதிரையின் கோடுகளும் மற்றதற்கு ஒட்டகச்சிவிங்கியின் திட்டுகளும் தீட்டப்பட்டிருந்தன. கென்ய மலையின் உச்சியையும் சமவெளியில் ஓடும் மந்தைகளையும் மேலிருந்து காட்டும் காட்சிகளில் இரை இல்லை, கட்டளைப்படி ஆடுவோரும் இல்லை. இயந்திர இரைச்சலுக்கு மந்தை மிரண்டு ஓடியது என்பது உண்மைதான். ஆயினும் நிலத்தின் பரப்பையும் விலங்குகளின் திரளையும் அவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்கள் அக்காலத்தில் அரிது.

உங்கள் இருவரின் பணிக்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஜான்சன் இணையரின் நூல்களில் யானைத் தடம் அறிந்த பொகுலி என்ற வழிகாட்டியின் பெயர் வருகிறது. சுமை தூக்கிய எண்ணற்றோரின் பெயர்கள் வருவதில்லை. நீங்கள் காட்டிலிருந்து வெளியிடும் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயருடன், வழிகாட்டியவர் பெயரையும் அவர் இசைவுடன் எழுதுங்கள். விலங்கு தானே வந்ததா, வரவழைக்கப்பட்டதா என்பதையும் அங்கேயே குறிப்பிட்டுவிடுங்கள்.