புதுப்பிப்பு: பெட்டியின் முடுக்கம் 0.52 இல்லை, 1.12தான்

போன வாரம் கேட்டிருந்தேன்: 10 கிலோ பெட்டியைத் தரைக்கு 30 டிகிரி சாய்வாகக் கயிறு கட்டி 40 நியூட்டனில் இழுக்கிறோம், உராய்வுக் குணகம் 0.3. எனக்கு முடுக்கம் 0.52 வருகிறது, விடைப் பகுதியில் 1.12 இருக்கிறது, ஏன்?

பிழை என்னுடையதுதான். செங்குத்து விசை (தரை பெட்டியை மேல்நோக்கித் தாங்கும் விசை) என்றாலே எடை என்று கண்ணை மூடிக்கொண்டு 98 (10 × 9.8) போட்டுவிட்டேன். கயிறுதான் 20 நியூட்டன் மேலே தூக்குகிறதே! தரை தாங்குவது 78 மட்டும், உராய்வு அதில் 0.3 மடங்கு, அதாவது 23.4. கயிற்று விசையின் கிடைக்கூறு (முன்னோக்கி இழுக்கும் பங்கு) 34.6. மீதி 11.2, பத்தால் வகுத்தால் சரி.

நம்பிக்கை வராமல் டிஜிட்டல் தராசில் புத்தகத்தை வைத்து, நூல் கட்டிச் சாய்வாக இழுத்தும் பார்த்தேன். புத்தகம் நகரும் முன்பே எண் இறங்கியது.

அதே 40 நியூட்டனில் மேலிருந்து சாய்வாகத் தள்ளினால் செங்குத்து விசை 118; உராய்வு 35.4 வரை தடுக்கும், முன்னோக்கித் தள்ளுவதோ அதே 34.6தான். நிற்கிற பெட்டி அசையவே அசையாது!